ஜி-விசையில கண்ணு இருட்டி மயங்கிப் போறது உள்ளுக்குள்ள எப்படி இருக்கும்? பைலட்டுகளைப் பத்தித் தெரிஞ்சவங்க சொல்லுங்க

நொய்யல்கரை

எங்க ஊரு காங்கயம்பாளையத்துப் பக்கம். 2018-ல தேஜஸ் போர் விமானத்தோட 45-ஆவது ஸ்குவாட்ரன் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலதான் எங்களுக்குப் பொழுது விடியுது. 2024 ஆகஸ்டுல தரங் சக்தி பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து விமானமெல்லாம் இங்க வந்தப்ப என்ற தம்பி மொட்டை மாடியை விட்டு இறங்கவே இல்லை. இப்ப இன்ஜினியரிங் கடைசி வருசம். விமானப்படையில ஆபீசராச் சேர்ற ஏஎஃப்கேட் பரிட்சைக்குப் படிச்சுக்கிட்டிருக்கான், ஃபைட்டர்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான்.

போன வாரம் வந்த ஒறம்பரை ஒருத்தர் ஒரு பைலட்டு மயங்கி விழற வீடியோவை எங்கம்மாகிட்ட காட்டிட்டுப் போயிட்டார். தலை அப்படியே தொங்குது, கை வெட்டி வெட்டி இழுக்குது. அன்னையில இருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கலீங்க. கணக்கு, சமன்பாடெல்லாம் நெட்டுல கிடைக்குது. எனக்குத் தெரிய வேண்டியது வேற. அந்த ஆளுக்கு உள்ளே என்ன நடக்குது? வலிக்குமா? வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியுமா? முழிச்சதும் எப்படி இருப்பாங்க?

சூலூர் ஓய்வு

அம்மிணி, நான் விமானப்படையில மெடிக்கல் அசிஸ்டென்டா இருந்து ஓய்வு பெத்தவன். பெங்களூருல இன்ஸ்டிடியூட் ஆஃப் ஏரோஸ்பேஸ் மெடிசின்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஃபைட்டர் பைலட்டுங்க அங்க இருக்கற சென்ட்ரிஃப்யூஜுல பயிற்சி எடுத்துத்தான் ஆகணும். நீளமான இரும்புக் கை, அதோட நுனியில ஒரு கூண்டு. கூண்டுல ஆளை உக்கார வெச்சு வேகமாச் சுத்துவாங்க. விமானம் கூர்மையா வளையறப்ப ஒடம்புல என்ன கனம் ஏறுமோ அதே கனம் அங்கயும் ஏறும்.

அம்மா பார்த்த வீடியோ அந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். முதல்ல இதைச் சொல்லிருங்க: அதுல நெஞ்சுக்கு வயர் ஒட்டியிருக்கும், வெளிய டாக்டர் கண்ணு எடுக்காம பார்த்துக்கிட்டிருப்பார், தலை தொங்கின அடுத்த நொடியே மெசினை நிறுத்திருவாங்க.

இனி உள்ளே நடக்கறது. நாம சும்மா நிக்கறப்ப இருக்கற கனம் 1 ஜி. 2 ஜி-யில ஒடம்பு ரெட்டை எடை. கன்னம் கீழ தொங்கும், கை தூக்கறதே வேலையாத் தெரியும். 3 ஜி-யில தலை குனிஞ்சா நிமிர்த்தறது கஷ்டம். காலையும் வயித்தையும் இறுக்கற ஜி-சூட் இல்லாம, தசையை முறுக்காம சும்மா உக்காந்திருந்தா 4 ஜி வாக்குல கண்ணு காட்டிக் குடுக்க ஆரம்பிக்கும். மொதல்ல கலர் போகும், எல்லாமே சாம்பலாத் தெரியும். பொறவு ரெண்டு ஓரத்துல இருந்தும் இருட்டு உள்ளே வரும். பயிற்சிக் கூண்டுல நேரா ஒரு சிவப்பு விளக்கு, ரெண்டு ஓரத்துலயும் பச்சை விளக்கு இருக்கும். சிவப்பையே பார்த்துக்கிட்டிருக்கணும், ஓரத்துப் பச்சை மறைஞ்சதும் சொல்லணும். பச்சை போய், சிவப்பு மட்டும் நின்னு, கடைசியா அதுவும் போயிரும்.

இங்கதான் எல்லாரும் குழப்பிக்கறாங்க. சிவப்பும் போனப்பறம் முழு இருட்டு, ஆனா ஆளு முழிச்சுத்தான் இருக்கார். காது கேக்கும். கேட்டா பதில் சொல்வார். கையும் தன் வசம்தான் இருக்கும். பைலட்டுங்க பிளாக்-அவுட்னு சொல்றது இதை. நினைவே போறது அதுக்கடுத்த படி, அதுக்குப் பேரு ஜி-லாக்.

ஒரு சின்ன வயசு ஆபீசரை நான் கிட்ட இருந்து பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. கண்ணு பாதி திறந்தபடி மேல சொருகிருச்சு, தாடை தளர்ந்துருச்சு, தலை நெஞ்சு மேல விழுந்துச்சு. மெசின் வேகம் குறைஞ்சு ரத்தம் தலைக்குத் திரும்பினப்பத்தான் கை வெட்டி இழுத்துச்சு, நாலஞ்சு நொடி. பொறவு கண்ணு முழிச்சு, எங்க இருக்கோம்னு புரியாம எதிர்ல இருந்த பேனலைத் தடவினார். பேர் கேட்டா பதில் வரலை, ரெண்டாந்தரம் கேட்டப்பத்தான் வந்துச்சு. வெளிய வந்து, "நான் மயங்கலையே, கண்ணு மட்டும் கொஞ்சம் இருட்டுச்சு"ன்னார். பதிவைப் போட்டுக் காட்டினோம். ஒரு வார்த்தை பேசலை, திரும்பப் போடச் சொல்லி மறுபடி பார்த்தார்.

அவர் பொய் சொல்லலை. மயங்கினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு மயங்கினதே ஞாபகம் இருக்காது. எனக்கு இந்த விசயத்துல பயம் தர்றது இருட்டு இல்லீங்க, இதுதான்.

கணபதி மோட்டார்

நான் டாக்டர் இல்லீங்க, பம்ப் செட் தொழில். ஆனா இந்தச் சமாச்சாரம் எங்க தொழில்ல தினமும் பார்க்கறதுதான்.

இதயம் ஒரு பம்ப்பு. அதுல இருந்து கண்ணு வரைக்கும் உசரம் ஒரு அடி, அதாவது 30 செ.மீ. அப்ப அந்த பம்ப்பு ஒரு அடி ஹெட், அதாவது ஒரு அடி உசரத்துக்குத் தள்ளுனாப் போதும். மேல் பிரஷர் 120-ங்கறது பாதரசக் கணக்கு, அதையே ரத்தத்தோட உசரமா மாத்திப் பார்த்தா சுமார் அஞ்சடி வருது. நம்ம பம்ப்போட ஷட்-ஆஃப் ஹெட், அதாவது அதுக்கு மேல ஏத்த முடியாத உசரம், அஞ்சடின்னு வெச்சுக்குங்க. சாதாரணமா ஒரு அடிதான் தேவை, தாராளம்.

இப்ப 5 ஜி-யில ரத்தமும் அஞ்சு மடங்கு கனம். அதே ஒரு அடிக்கு அஞ்சடி ஹெட் வேணும். பம்ப்பு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், டெலிவரி மட்டும் நின்னுரும். மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏறாதது மாதிரிதான்.

இன்னொரு கோளாறு சக்‌ஷன் பக்கம். ரத்தமெல்லாம் காலுக்கும் வயித்துக்கும் இறங்கித் தேங்கிருச்சுன்னா இதயத்துக்குத் திரும்பி வர்றது குறையும். அப்ப பம்ப்பு ட்ரை ரன். ஜி-சூட்டு செய்யற வேலை இதைத் தடுக்கறதுதான்னு நினைக்கறேன், சரிங்களா சூலூர் அண்ணா?

சூலூர் ஓய்வு

ரொம்பச் சரிங்க. கெண்டைக்கால், தொடை, வயிறு மூணு இடத்துலயும் காத்துப் பை. ஜி ஏற ஏற அதுவா ஊதி இறுக்கும். இரண்டாம் உலகப் போர்ல கனடாக்காரர் வில்பர் ஃப்ராங்க்ஸ் செஞ்ச முதல் சூட்டுல காத்துக்குப் பதிலாத் தண்ணிதான் இருந்துச்சு. ஆனா சூட்டு மட்டும் தர்றது ஒண்ணு, ஒண்ணரை ஜி-தான். மிச்சத்தை ஆளு தன் ஒடம்பால சம்பாதிக்கணும்.

மரு. ஈரோடு

கணபதி அவர்களின் கணக்கு எங்கள் பாடப் புத்தகக் கணக்கோடு பொருந்துகிறது. ஒவ்வொரு ஜி-க்கும் கண் மட்டத்தில் ரத்த அழுத்தம் சுமார் 22 முதல் 25 மி.மீ. பாதரசம் குறையும். 5 ஜி-யில் 120-ல் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

மூளைக்கு முன்னால் கண் ஏன் இருட்டுகிறது? கண் உருண்டைக்குள் ஏற்கெனவே 10 முதல் 20 மி.மீ. வரை அழுத்தம் இருக்கிறது. விழித்திரைக்குள் ரத்தம் நுழைய வேண்டுமானால் அதை மீறித் தள்ள வேண்டும். தலைக்குள் அப்படி எதிர்த்து நிற்கும் அழுத்தம் குறைவு. அதனால் விழித்திரை முதலில் பட்டினி கிடக்கிறது, மூளை இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. இந்தச் சிறு இடைவெளிதான் விமானிக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. சாம்பல் நிறம் தெரிந்ததும், விமானத்தை வளைக்க இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்டிக்கைத் தளர்த்தினால் ஓரிரு நொடியில் பார்வை திரும்பிவிடும்.

ஆனால் இந்த எச்சரிக்கை எப்போதும் வராது. ரத்தம் நின்றாலும் மூளையிலும் விழித்திரையிலும் நான்கு முதல் ஆறு நொடிக்கு ஆக்சிஜன் கையிருப்பு உண்டு. ஜி மெல்ல ஏறினால் சாம்பல், சுரங்கத்துக்குள்ளிருந்து பார்ப்பது போல் குறுகும் பார்வை, இருட்டு என்று வரிசையாக வரும். நவீன போர் விமானம் ஒரே நொடியில் 6 ஜி, 7 ஜி ஏற்றிவிடும். அப்போது அந்தக் கையிருப்பு தீரும் வரை எல்லாம் தெளிவாகத் தெரியும், தீர்ந்த நொடியில் கண்ணும் நினைவும் சேர்ந்தே போய்விடும். பழைய விமானங்களைவிடப் புதியவற்றில் இது பெரிய பிரச்சினையானதற்குக் காரணம் இந்த வேகம்தான். உடம்பு நாளத்தைச் சுருக்கி, துடிப்பைக் கூட்டித் தன்னைச் சரிசெய்துகொள்ள ஆறு முதல் பத்து நொடி வேண்டும். அந்த அவகாசமே கிடைப்பதில்லை.

மயக்கத்துக்குள் என்ன தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் வின்னரி சென்ட்ரிஃப்யூஜில் மயங்கியவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பதிவு செய்தவற்றில் குட்டிக் கனவுகள் நிறைய. மிதப்பது போல, வீட்டாரோடு இருப்பது போல, எழ நினைத்தும் கை கால் அசையாதது போல. சிலருக்கு இதமாக இருந்திருக்கிறது, முழித்ததும் ஏன் முழித்தோம் என்று தோன்றியிருக்கிறது. கை இழுப்பது வலிப்பு நோய் அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரத்தம் திரும்பும்போது மூளை ஒரே சீராக விழிப்பதில்லை, அதனால் வரும் துள்ளல் அது.

பல்லடம் ராசு

ஒரு சந்தேகம். அமெரிக்காவுல ஜான் ஸ்டாப்னு ஒருத்தர் 1954-ல ராக்கெட் வண்டியில போயி 46 ஜி தாங்கினார்னு படிச்சிருக்கேன். அப்ப 9 ஜி-க்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்?

கணபதி மோட்டார்

ராசு, திசையைப் பாருங்க. அவருக்கு வந்தது பிரேக் போட்ட கனம், நெஞ்சுக்கும் முதுகுக்கும் குறுக்கால. தலைக்கும் காலுக்கும் நடுவுல இல்லை. பம்ப்பும் தொட்டியும் ஒரே மட்டத்துல இருந்தா எத்தனை கனமான தண்ணியா இருந்தாலும் ஹெட் ஏறாது. அதுவும் அவர் நின்னது ஒண்ணரை நொடிக்குள்ள.

மரு. ஈரோடு

ஸ்டாப்புக்கும் கண்ணில் அடி விழுந்தது, கொஞ்ச நேரம் பார்வையே இல்லை. ஆனால் அது ரத்தம் வடிந்ததால் அல்ல, கண்ணில் ரத்தம் கட்டியதால். திசை மாறினால் பாதிப்பும் மாறும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

விண்வெளி வீரர்களை மல்லாக்கப் படுக்க வைத்து அனுப்புவதும் இதனால்தான். ரஷ்யாவின் சோயுஸ் கலம் 2008-ல் வழக்கத்தைவிடச் செங்குத்தான பாதையில் இறங்கியபோது உள்ளே இருந்தவர்கள் 8 ஜி-க்கு மேல் தாங்கினார்கள். அந்தக் கனம் நெஞ்சின் மேல் உட்கார்ந்து மூச்சை அடைக்கும், ஆனால் நினைவு போகாது. எஃப்-16 இருக்கை 30 டிகிரி சாய்ந்திருப்பதும் அதே வழியில் ஒரு சின்ன உதவி.

செட்டிபாளையம் ட்ராக்

கரி ஸ்பீட்வேயில கார் ஓட்டற பசங்களோட இருக்கறவன் நான். நம்ம ஊரு நரேன் கார்த்திகேயன் 2005-ல ஃபார்முலா ஒன் போனப்ப எல்லாரும் அவர் கழுத்தைப் பத்தித்தான் கேட்டாங்க. வளைவுல பக்கவாட்டா நாலு, அஞ்சு ஜி வரும். பக்கவாட்டுங்கறதால கண்ணு இருட்டாது, கழுத்துதான் படும்.

ஆனா 2001-ல டெக்ஸாஸ் ஓவல்ல நடந்தது எங்களுக்கெல்லாம் பாடம். அந்த ட்ராக்கு வளைவு 24 டிகிரி சாஞ்சிருக்கும். கார்ட் (CART)ங்கற அமெரிக்க ரேஸ் கார் தொடரோட பந்தயத்துக்குப் பயிற்சி ஓட்டம் ஓட்டினவங்களுக்கு 5 ஜி-க்கு மேல போயிருச்சு. தரை சாஞ்சிருக்கறதால அதுல ஒரு பங்கு தலையில இருந்து காலுக்கு இறங்குது. இருபதுக்கு மேற்பட்ட டிரைவருங்க தலை சுத்துது, நேரா நடக்க முடியலைன்னு சொன்னாங்க. பந்தயத்தன்னைக்கே பந்தயத்தை ரத்து பண்ணிட்டாங்க. ஜனமெல்லாம் வந்து உக்காந்தாச்சு, அப்பவும் துணிஞ்சு ரத்து பண்ணினாங்க. அந்த முடிவை எடுத்தவங்களை நான் மதிக்கறேன்.

அந்தியூரான்

ஆடி மாசம் எங்க குருநாதசாமி தேர்த் திருவிழாவுல மரணக் கிணறு போடுவாங்க. குதிரைச் சந்தைக்கு வர்ற கூட்டம் பாதி அங்கதான் நிக்கும். அதுல பைக் ஓட்டற ஒரு அண்ணன்கிட்ட பேசியிருக்கேன். புதுசாப் பழகறவங்களுக்குச் சுத்தச் சுத்த ஓரமெல்லாம் மங்கிட்டு வரும்னார். நான் அதைத் தலைசுத்தல்னு நினைச்சிருந்தேன். இதைப் படிச்சப்பறம் வேறயாத் தோணுது.

கணபதி மோட்டார்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிணத்துக்கு 15 அடி ஆரம், வண்டி 40 கி.மீ. வேகம்னு வெச்சுக்கிட்டா சுவத்துப் பக்கம் 2.75 ஜி வருது. பூமி இழுக்கற 1 ஜி அதுக்குக் குறுக்குத் திசைங்கறதால நேராக் கூட்டக் கூடாது, அதையும் சேர்த்தா மொத்தம் கிட்டத்தட்ட 3. வண்டியும் ஆளும் சுவத்துக்குக் குத்துக்கால நிக்கறதால அந்தக் கனம் தலையில இருந்து காலுக்குத்தான் போகும், பைலட்டுக்குப் போற அதே திசை. வேகம் கூடினா வர்க்கத்துல ஏறும். 50-ல ஓட்டினா 4 ஜி-யைத் தாண்டிரும். சூட்டும் இல்லை, கூட ஒரு டாக்டரும் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் ஓட்டறாங்க! அந்த மனுசங்களுக்கு நாம குடுக்கற மரியாதை போதாதுங்க.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றிங்க. கணபதி அண்ணன் சொன்ன ஹெட் கணக்கை அம்மாகிட்ட சொன்னேன், தோட்டத்துல மோட்டார் போடறவங்கதானே, டக்குனு பிடிச்சுக்கிட்டாங்க. இப்ப தம்பி கேக்கறான்: ஜிம்முக்குப் போனா இதைத் தாங்கற சக்தி கூடுமா? "ஆளு தன் ஒடம்பால சம்பாதிக்கணும்"னு சூலூர் ஐயா சொன்னது எப்படி?

சூலூர் ஓய்வு

கூடும். ஆனா கை பெருசாக்கறதுக்குப் பிரயோஜனம் இல்லை. தொடை, கெண்டைக்கால், பிட்டம், வயிறு, இதுங்கதான் வேலை செய்யும். மாரத்தான் மட்டுமே ஓடி ஒடம்பை வத்த வெச்சவங்களை விட, ஸ்குவாட் போட்டுக் காலை உரமாக்கினவங்க நல்லாத் தாங்கறாங்க. குட்டையா இருக்கறவங்களுக்கும் ஒரு சலுகை உண்டு. இதயத்துக்கும் கண்ணுக்கும் தூரம் குறைவு.

முறை இதுதான். ஜி ஏறறதுக்கு ஒரு நொடி முன்னாடியே இடுப்புக்குக் கீழ எல்லாத் தசையையும் கல்லாட்டம் இறுக்கணும். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, தொண்டையை அடைச்சு, "ஹிக்"னு சொல்ல வந்து நிறுத்தின மாதிரி உள்ளே அழுத்தணும். மூணு நொடிக்கு ஒருக்கா சடார்னு கொஞ்சம் விட்டு சடார்னு வாங்கணும். ஒரு நொடிக்கு மேல மூச்சைத் திறந்து வெச்சா நெஞ்சு அழுத்தம் இறங்கி, கண்ணு உடனே மங்கும். இந்த இறுக்கம் மட்டுமே மூணு ஜி-க்கு மேல சம்பாதிச்சுத் தரும். சூட்டும் இதுவும் சேர்ந்தாத்தான் 8, 9 ஜி. தேஜஸோட எல்லையே 8 ஜி. வெளிய இருந்து பார்க்கறவங்களுக்கு விமானம் அழகா வளையுது. உள்ளே அந்த ஆளு பிள்ளை பெறற பொம்பளை மாதிரி முக்கிக்கிட்டிருக்கார்.

இறுக்க ஒரு நொடி பிந்தினா பின்னாடி எட்டிப் பிடிக்கவே முடியாது. நிறையப் பேரு மயங்கறது ஜி அதிகமானதால இல்லை, முறை பிந்தினதால.

பொறவு சாப்பாடு, தூக்கம், தண்ணி. சித்திரை வெயில்ல விமானத்துல ஏறி உக்காந்து கண்ணாடியை மூடினா வேர்த்து ஊத்தும். ஒடம்புல தண்ணி குறைஞ்சா தாங்கற சக்தி பட்டுனு இறங்கிரும். காலையில பட்டினி, முந்தின ராத்திரி வயித்துப்போக்கு, சளி, இதுல எது இருந்தாலும் மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிட்டுத் தரையில நிக்கறவன்தான் நல்ல பைலட். தம்பி இப்பவே அந்தப் பழக்கத்தைக் கத்துக்கட்டும்.

மரு. ஈரோடு

இதை வீட்டில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். மூச்சை அடைத்து முக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், விட்டதும் சட்டென இறங்கும். நின்றபடி செய்தால் 1 ஜி-யிலேயே மயங்கி விழ முடியும். பிரஷர், குடலிறக்கம், கண் நரம்புக் கோளாறு உள்ளவர்கள் நினைக்கவே கூடாது.

வலி பற்றி: மயங்குவது வலிக்காது. கழுத்து வலிக்கும், முன்னங்கையிலும் காலிலும் நுண்ணிய ரத்தக்குழாய் உடைந்து வேர்க்குரு போலச் சிவப்புப் புள்ளிகள் வரும், சில நாளில் மறையும். மூளைக்குப் பாதிப்பு வருமா என்றால், ரத்தம் நிற்பது சில நொடிதான். கண்காணிப்போடு நடக்கும் பயிற்சியில் மயங்கியவர்கள் சீக்கிரமே தெளிந்து வேலைக்குத் திரும்புகிறார்கள்.

நொய்யல்கரை

அம்மா இன்னொண்ணு கேக்கச் சொன்னாங்க. கூண்டுல சரி, மெசினை நிறுத்திருவாங்க. வானத்துல யாரு நிறுத்துவா?

சூலூர் ஓய்வு

அம்மா சரியான இடத்துல கை வெச்சிருக்காங்க. மயக்கம் சுமார் 12 நொடி, அதுக்கப்பறம் தெளியாத குழப்பம் இன்னொரு 12, 15 நொடி. 900 கி.மீ. வேகத்துல அந்த 25 நொடிக்குள்ள விமானம் 6 கி.மீ. போயிரும். மூக்கு மேல பார்த்திருந்தாப் பிழைக்கலாம். கீழ பார்த்திருந்தா உசரம் இருக்கணும்.

ஒரு நல்ல சேதி சொல்றேன். 2016-ல அமெரிக்காவுல எஃப்-16 பயிற்சியில இருந்த மாணவர் ஒருத்தர் 8 ஜி-யைத் தாண்டி இழுத்து மயங்கிட்டார். விமானம் மூக்கைக் குத்திக்கிட்டுத் தரையைப் பார்த்துப் போகுது. கூடப் பறந்த ஆசிரியர் ரேடியோவுல "ரெகவர்"னு திரும்பத் திரும்பக் கத்தறார், பதில் இல்லை. தரை நெருங்கறதை விமானத்துல இருந்த கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, தானே ரெக்கையை நேராக்கி மேல தூக்கிருச்சு. அந்தக் குரலோட இருக்கற பதிவை வெளியிட்டிருக்காங்க. அந்த அமைப்பை எஃப்-16-ல பொருத்த ஆரம்பிச்சது 2014-ல. அதுக்கப்பறம் பல பைலட்டுங்க உசுரோட வீடு திரும்பியிருக்காங்க. இந்த மாதிரி அமைப்பு எல்லா போர் விமானத்துலயும் கட்டாயம் இருக்கணும்ங்கறது என்னோட ஆசை, எங்க போனாலும் சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஒருதரம் கூண்டுல மயங்கிட்டார்ங்கறதுக்காக ஒரு பைலட்டை அதோட ஒதுக்கிர மாட்டாங்க. எங்க பிந்தினார்னு பதிவைப் போட்டுக் காட்டி, முறையைத் திருத்தி, திரும்ப உக்கார வெப்பாங்க. நான் மேல சொன்ன ஆபீசர் அடுத்த நாள் அதே கூண்டுல அதே ஜி-யைத் தாண்டினார்.

அந்தியூரான்

தலைகீழாப் போறப்ப என்ன ஆகும்ங்க? ரத்தம் தலைக்கே வருமே, அப்ப நல்லதுதானே?

மரு. ஈரோடு

இல்லை, அந்தப் பக்கம் உடம்பு இன்னும் பலவீனம். எதிர்த்திசையில் 2, 3 ஜி-தான் எல்லை. முகம் வீங்கும், கண்ணுக்குள் மணல் போட்டது போல் உறுத்தும், பார்வை சிவக்கலாம், வெண்விழியில் ரத்தம் கட்டும். ஜி-சூட்டால் இங்கே எந்தப் பயனும் இல்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தலைக்கு ரத்தம் ஏறியதும் கழுத்து நாளத்தில் உள்ள உணர்விகள் "அழுத்தம் அதிகம்" என்று இதயத் துடிப்பைக் குறைத்து நாளங்களைத் தளர்த்திவிடும். அந்த நிலையில் விமானி உடனே ஸ்டிக்கை இழுத்து 5 ஜி ஏற்றினால், வழக்கமாக 5 ஜி-யை எளிதாகத் தாங்குபவரும் மயங்கலாம். முதலில் தள்ளி, பிறகு இழுக்கும் இந்த வரிசையைத் தவிர்க்கும்படி விமானிகளுக்குத் தனியாகவே சொல்லித் தருகிறார்கள். தவிர்க்க முடியாத இடத்தில் இழுப்பதற்கு முன்பே காலை இறுக்கிவிட வேண்டும்.